நீச்சலுடையும் நேர்மையும்

விளையாட்டிற்கு விதி இன்றியமையாதது. விதியின்றேல் போட்டியில்லை, போட்டியின்றேல் வெற்றிக்குப் பொருளில்லை. ஆயினும், ஒவ்வொரு விதியும் எக்காரணம் பற்றி எழுந்தது, அக்காரணம் இன்றும் நிற்கின்றதா என்று இடையிடையே வினவுதல் கற்றோர் கடனாகும். அங்ஙனம் வினவத்தக்க விதிகளுள் ஒன்று, நீச்சற்போட்டியாளர் அணியும் உடையைப் பற்றியது. வயது வந்த ஆடவர்க்கு ஓரளவும் பெண்டிர்க்கு மற்றோரளவும் அது வகுத்து வைத்துள்ளது. இவ்வேற்றுமை வேண்டுவதுதானா என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் விதி யாதெனக் காண்போம். 2010-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல், குளத்தில் நிகழும் போட்டிகளில் ஆடவர் உடை கொப்பூழுக்கு மேலேறலாகாது, முழங்காலுக்குக் கீழிறங்கலாகாது. பெண்டிர் உடை கழுத்தை மூடலாகாது, தோளைக் கடக்கலாகாது, முழங்காலுக்குக் கீழிறங்கலாகாது. அந்நாளில் பினா என வழங்கி, 2022 முதல் வேர்ல்டு அக்குவாட்டிக்ஸ் எனப் பெயர் பூண்ட உலகப் பேரவை வகுத்த விதி இது. பல நாட்டு நீச்சற்சங்கங்களும் இதனையே தழுவி நிற்கின்றன. இவ்விதிப்படி, மார்பை மறைக்க விரும்பும் ஆடவனுக்கு இடமில்லை. கையையும் கணைக்காலையும் மறைக்க விரும்பும் பெண்ணுக்கும் இடமில்லை.

இவ்விதி எழுந்த வரலாறு சுவையானது. 2008-ஆம் ஆண்டில் ஸ்பீடோ நிறுவனம் புதுவகை உடையொன்றை வெளியிட்டது. அதனைத் தொடர்ந்து பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பொருளால் உடல் முழுவதையும் இறுக்கிப் பிடிக்கும் உடைகள் பல தோன்றின. அவை உடலை நீரில் மிதக்கச் செய்து விரைவைக் கூட்டின. 2009-இல் ரோமாபுரியில் நடந்த உலகப் போட்டியில் மட்டும் 43 உலக அருஞ்செயல்கள் முறியடிக்கப்பட்டன. வென்றவர் நீந்தினவரா, அவரணிந்த உடையா என்று உலகம் ஐயுற்றது. பேரவையினர் அவ்வாண்டே கூடி, 168 வாக்குகளுக்கு 6 என்னும் பெரும்பான்மையால் அவ்வுடைகளைத் தடுத்தனர். நெய்த துணியே ஆகும் என்றும், அதன் தடிப்பு 0.8 மில்லிமீட்டரைக் கடத்தலாகாது என்றும், அது மிதக்கும் ஆற்றல் இவ்வளவே இருக்கலாம் என்றும் வரையறுத்தனர். அவர் செய்தது நன்றே. கருவி கொண்டு அளக்கத்தக்க இவ்விதிகளை யாவரும் போற்றுவர்.

ஆனால், துணியை அளந்த கை அதனோடு நில்லாமல், ஆணுக்கு இத்துணை, பெண்ணுக்கு இத்துணை என்று உடலையும் அளக்கப் புகுந்ததே நம் வினாவுக்குரியது. மூடும் பரப்பு மிகுந்தால் விரைவும் மிகும் என்பது இதற்குக் காரணமாயின், பெண்டிர்க்கு மட்டும் தோள்வரை இசைந்தது ஏன்? ஆடவர் ஆடவரோடும் பெண்டிர் பெண்டிரோடும் போட்டியிடுவதால் தீங்கில்லை என்பர். அங்ஙனமாயின், கலப்புத் தொடர் நீச்சலை நோக்குக. 2021-இல் தோக்கியோ நகரில் நடந்த ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்ற அப்போட்டியில், ஓர் அணியின் ஆடவனும் மற்றோரணியின் பெண்ணும் ஒரே வேளையில் அருகருகே நீந்துதல் கூடும். இருவர் உடையும் வெவ்வேறளவின. இதனால் நேர்மை குன்றியதென்று பேரவை கருதவில்லை. எனவே இவ்வேற்றுமைக்கு வேர் நேர்மையன்று, வழக்கமே என்பது தெளிவு.

இதனினும் வலிய சான்று ஒன்றுளது. அதே பேரவை, கடலிலும் ஏரியிலும் நிகழும் திறந்தவெளி நீச்சலுக்கு வகுத்த விதி இருபாலார்க்கும் ஒன்றே. கழுத்தை மூடலாகாது, தோளைக் கடக்கலாகாது, கணுக்காலுக்குக் கீழிறங்கலாகாது. ஆங்கே ஆடவன் மார்பை மறைக்கலாம். பெண் கணைக்காலை மறைக்கலாம். குளத்தில் இரண்டான நீதி கடலில் ஒன்றானது எங்ஙனம்? ஆங்கிலக் கால்வாயைக் கடப்போர்க்கு நெடுநாளாக வழங்கும் விதியும், கையும் காலும் இல்லாத எளிய உடை என்று இருபாலார்க்கும் பொதுவாகவே கூறுகின்றது. 1952-இல் எல்சிங்கி ஒலிம்பிக்கில் சிறுமியாய்ச் சென்ற கல்கத்தா நங்கை ஆரதி சாகா, 1959 செப்டம்பர் 29-ஆம் நாள் 16 மணி 20 நிமிடத்தில் அக்கால்வாயைக் கடந்தார். ஆசியப் பெண்டிருள் அதனைச் செய்த முதல்வர் அவரே. ஆண் பெண் என்னும் வேற்றுமை பாராத குளிர்நீரில், வேற்றுமை பாராத விதியின் கீழ் அவர் பெற்ற வெற்றி அது.

பெண்ணின் உடையைப் பிறர் வரையறுப்பது புதிதன்று. 1912-இல் ஸ்டாக்கோம் ஒலிம்பிக்கில் பெண்டிர் நீச்சல் முதன்முறை சேர்ந்தது. ஆஸ்திரேலிய நாட்டின் பானி டூராக்கு, மீனா வைலி இருவரும் ஆங்குச் செல்ல முதலில் தடை எழுந்தது. ஆடவர் காணப் பெண்டிர் நீந்தலாகாதென அவர் நாட்டு மகளிர் சங்கமே விதித்திருந்தது. அத்தடை நீங்கியபின் சென்ற அவ்விருவரும் முதலிடமும் இரண்டாமிடமும் பெற்றனர். 1932-இல் லாசு ஏஞ்சல்சு நகரில் கிளேர் டென்னிசு என்னும் நங்கையின் உடை தோட்பட்டையை மிகவும் புலப்படுத்தியதென்று முறையிட்டனர்; அம்முறையீடு தள்ளப்பட்டது; அவர் பொற்பதக்கம் வென்றார். அன்று தோள் தெரிந்ததென்று குற்றம். இன்று தோள் கடந்து மறைத்தால் குற்றம்! 2021-இல் நார்வே நாட்டுக் கடற்கரைக் கைப்பந்து மகளிர், ஆடவரைப் போலக் காற்சட்டை அணிந்தமைக்காக 1500 ஐரோ தண்டம் விதிக்கப்பெற்றனர். உலகெங்கும் கண்டனம் எழ, அவ்விதி பின்னர் மாற்றப்பட்டது. மூடு என்னும் ஆணையும் திற என்னும் ஆணையும் ஒரே வாயினின்று பிறப்பனவாம்.

இஃதெல்லாம் அயல்நாட்டார் வழக்கு, நமக்கென்ன என்று நேயர் கருதற்க. எமது மாங்காட்டையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் எண்ணுக. ஏரியும் கிணறும் நிறைந்திருந்த நாடு இது. செம்பரம்பாக்கத்துப் பேரேரி அண்மையிலேயே உளது. இவ்வூர்ச் சிறுவர் கிணற்றில் குதித்து நீந்தப் பயில்வர். சிறுமியரோ படியில் நின்று துணி துவைப்பதோடு அமைவர். பரிபாடலில் வையைப் புதுப்புனலில் ஆடவரும் மகளிரும் ஒருங்கு ஆடியதைப் பயில்கின்றோம். ஆயின் நம் வீட்டுப் பெண்ணைக் குளத்திற்கு அனுப்ப அஞ்சுகின்றோம். அவ்வச்சத்தின் பெரும்பகுதி உடை பற்றியதே.

அதன் விலை சிறிதன்று. 2004 டிசம்பர் 26-இல் எழுந்த ஆழிப்பேரலையில், கடலூர் மாவட்டத்தில் மாண்ட பெண்டிர் தொகை ஆடவர் தொகையினும் ஏறக்குறைய மும்மடங்கு என்று ஆக்ஸ்பாம் என்னும் அறநிறுவனம் 2005-இல் எடுத்துரைத்தது. நீந்தப் பயிலாமையும் அதற்குரிய காரணங்களுள் ஒன்றெனக் கூறப்பட்டது. மற்று, வாய்ப்புப் பெற்ற பெண் எத்துணை உயர்வாள் என்பதற்கும் அண்மையிலேயே சான்றுளது. நம் மேற்குச் சென்னையின் செனாய் நகரில் நீந்தக் கற்ற நிஷா மில்லட்டு, 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் நீந்தினார். போட்டியில் தன்னூர்ப் பெண்ணைக் கண்டாலன்றோ மற்றொரு பெண் நீரில் இறங்கத் துணிவாள்?

இதற்கு மறுப்புரைப்பாரும் உளர். நீண்ட உடைக்கு இசைந்தால், 2009-இன் குழப்பம் மீளும் என்பர். துணியின் தன்மையைக் கருவி காக்குமாதலின் அவ்வச்சம் வேண்டா. திறந்தவெளி நீச்சல் அதற்குக் கரி. வேண்டுவோர் தனி விலக்குப் பெறலாமே என்பர் வேறு சிலர். தன் உடலைப் பற்றிய காரணத்தை, தன் சமயத்தை, தன் தழும்பை, தன் வெண்படையை அதிகாரிமுன் விளக்கிக் கைகட்டி நிற்பது இரவலாகுமேயன்றி உரிமையாகாது. நீண்ட உடை அனுமதிக்கப்பட்டால் அதுவே பெண்டிர்க்குக் கட்டாயமாகி விடுமே என்பார் மறுப்பு மிக மதிக்கத்தக்கது. ஆதலின் புது விதி, எவரையும் மூடுமாறோ திறக்குமாறோ வற்புறுத்தலாகாதென்று வெளிப்படக் கூறல் வேண்டும்.

ஆகவே யாம் வேண்டுவது இதுவே. துணி எதனால் ஆயது, எத்துணைத் தடிப்பினது, எத்துணை மிதக்கும் என்பவற்றைப் பேரவை இன்னும் கூர்மையாக அளக்கட்டும். உடையின் பரப்பிற்கு, திறந்தவெளியிற் போல, இருபாலார்க்கும் ஒரே மேல்வரம்பு வகுக்கட்டும். கையை மறைக்க விரும்புவார்க்கும் அதனுள் இடம் தரட்டும். அவ்வரம்பினுள் எவ்வளவு அணிவது என்பதை நீந்துவோரே முடிவு செய்யட்டும். அதுகாறும் நம் கல்லூரி விளையாட்டுக் கழகம், தான் நடத்தும் போட்டிகளிலேனும் இம்முறையைக் கைக்கொள்ளலாம். அதற்கு உலகப் பேரவையின் இசைவு வேண்டுவதில்லை. நிமிடமும் நொடியும் எண்ணும் கடிகாரத்திற்கு ஆண் பெண் தெரியாது. நடுவர் கையிலுள்ள அளவுகோலும் அக்கடிகாரத்தைப் போல் நடுநிலை பூணுவதாக.