தேரி மணலில் விழுந்தவன் சொல்கிறேன்

"ஏனுங்க, இந்த வயசுல இதெல்லாம் வேணுங்களா?" என்று கிளம்பும்போது வீட்டம்மா கேட்டார். அன்று நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். வேண்டும்தான், ஆனால் ஒரு நிபந்தனையோடு.

போன தை மாதம் நாங்கள் ஆறு பேர், ஆறு வண்டிகளில் தாராபுரம், ஒட்டன்சத்திரம், மதுரை வழியாகத் திருச்செந்தூர் போனோம். மூன்று பேர் என்னைப்போல ஓய்வு பெற்றவர்கள், மூன்று பேர் இளவட்டங்கள். கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். முருகனைக் கும்பிடுவது வீட்டுக்குச் சொன்ன காரணம். மறுநாள் தேரிக்காட்டைச் சுற்றிவருவதுதான் உள்ளே இருந்த ஆசை.

தேரியைப் பார்க்காத கோவைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் பாலைவனம் என்று சொல்லத்தக்க இடம் அதுதான். கண்ணுக்கெட்டிய தூரம் செக்கச் சிவந்த மணல் மேடுகள், நடுநடுவே பனையும் முந்திரியும். இரும்புச் சத்தால் வந்த சிவப்பு அது. நமக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று போல, அவர்களுக்கு ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று. அந்தத் தென்மேற்குக் காற்று தள்ளிக்கொண்டு வந்து குவித்த மணல் என்கிறார்கள் புவியியல் படித்தவர்கள். குதிரைமொழித் தேரி காப்புக்காடு என்பதால் மேடுகளில் வண்டியை ஏற்றவில்லை. தேரிக்குடியிருப்பு, அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் பக்கமுள்ள ஊர்ப்பாதைகளில் மட்டும் போனோம். அந்தப் பாதைகளிலும் காற்று கொண்டுவந்து போட்ட மணல் ஆங்காங்கே முழங்கால் அளவு கிடக்கும்.

மணலில் வண்டி ஓட்டத் தனிப் பக்குவம் வேண்டும். டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டால் சக்கரம் அகலமாகப் பதியும். எழுந்து நின்று, உடம்பைச் சற்றுப் பின்னுக்கு வைத்து, தூரத்தைப் பார்த்து ஓட்ட வேண்டும். பயந்து ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால் முன்சக்கரம் புதைந்துவிடும். இளவட்டங்கள் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார்கள். காலையில் நன்றாகவே ஓட்டினேன்.

இனி, நான் அன்று யாரிடமும் சொல்லாத விஷயம். ரத்த அழுத்த மாத்திரையை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன். இரண்டு இரவாகச் சரியான தூக்கமும் இல்லை. பதினொரு மணி வாக்கில் தலை லேசாகச் சுற்றியது. நிறுத்தச் சொல்லியிருக்கலாம். 'பெருசு தாங்கலை' என்று நினைத்துவிடுவார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த மணல் திட்டில் கை தளர்ந்தது. முன்சக்கரம் புதைந்து விழுந்தேன். பின்னால் வந்த என் அக்கா மகன் என்மேல் ஏற்றிவிடாமல் இருக்க வண்டியை ஒடித்துத் திருப்பி, அவனும் விழுந்தான். எழுந்ததும் அவன் கேட்டது, "மாமா, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனுக்குத்தான் மணிக்கட்டில் எலும்பு விரிந்திருந்தது. பனங்காட்டில் வேலையாக இருந்த ஒரு பெரியவர் ஓடிவந்து, "முதல்ல தண்ணி குடிங்க அண்ணாச்சி, பெறவு வண்டியத் தூக்கலாம்" என்றார்.

அக்கா மகன் கணபதியில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறான். கையில் மாவுக்கட்டோடு லேத்தில் நிற்க முடியுமா? ஆறு வாரம் பட்டறை மூடிக் கிடந்தது. அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

"பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட ஒரு டிவிஎஸ் எக்ஸெல் போதாதா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். போதும். ஆனால் நான் விழக் காரணம் வயது இல்லை, மறைத்ததுதான். தூக்கம் கெட்ட இருபத்தைந்து வயதுக்காரனும் மறைத்தால் இதே கதிதான்.

டக்கார் பந்தயம் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2015-ல் அதை முடித்த முதல் இந்தியர் பெங்களூரு சந்தோஷ். 2024-ல் அங்கே ரேலி-2 பிரிவில் வென்றவர் நம் பக்கத்து ஷொரணூர்க்காரர் ஹரித் நோவா. நிமிடக் கணக்கில் வெற்றி தோல்வி தீரும் அந்தப் பந்தயத்திலும், விழுந்து அடிபட்டவருக்காக ஒருவர் நின்று உதவினால், அந்த நேரத்தை அவர் கணக்கில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். உலகத்தின் முதல்தர வீரர்களே நிற்கும்போது, பரிசே இல்லாத நம் சவாரியில் 'கொஞ்சம் நில்லுங்க' என்று சொல்ல எனக்கென்ன வெட்கம்?

இப்போது எங்கள் குழுவில் மூன்று கட்டுப்பாடுகள். மெதுவாக ஓட்டுபவர் வேகம்தான் எல்லாருக்கும் வேகம். பாதை பிரியும் இடத்தில் பின்னால் வருபவர் கண்ணில் படும்வரை நிற்க வேண்டும். காலையில் கிளம்பும்முன் தூக்கம், மாத்திரை, உடம்பு வலி எல்லாவற்றையும் ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மூன்றாவதைக் கொண்டுவந்தவன் நான்.

வீட்டம்மாவிடம் இந்த மூன்றையும் சொன்னேன். "மாத்திரை டப்பாவை நானே வண்டிப் பெட்டியில வெச்சர்றனுங்க" என்றார். அனுமதி கிடைத்துவிட்டது என்றே எடுத்துக்கொண்டேன்.