எடைக் குறைப்பு எனும் விபரீதம்

பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024 ஆகஸ்ட் 7-ஆம் தேதி, 50 கிலோ பிரிவில் 100 கிராம் கூடுதல் எடையால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார் வினேஷ் போகாட். அன்றே மக்களவையில் விளக்கமளித்த விளையாட்டுத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா, அவருக்காக அரசு ரூ. 70.45 லட்சம் செலவிட்டதைப் பட்டியலிட்டார். எதிர்க்கட்சிகள் வெளிநடப்புச் செய்தன. உணவும் நீருமின்றி உடலை வருத்தும் பழக்கம் இரு தரப்புக்குமே இரண்டாம்பட்சமாகிப் போனது.

அடுத்த ஆண்டே பல்கேரியாவில், 20 வயதுக்கு உள்பட்டோருக்கான உலகப் போட்டியில் இந்திய வீராங்கனை ஒருவர் 600 கிராம் கூடுதல் எடையால் வெளியேற்றப்பட்டார். மல்யுத்த சம்மேளனம் அவருக்கு இரண்டு ஆண்டு தடை விதித்தது. வளரும் பருவத்தில் எடை கூடுவது குற்றமா, என்ன?

அமெரிக்காவில் 1997-இல் எடையைக் குறைக்க முயன்ற மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் சில வார இடைவெளியில் அடுத்தடுத்து உயிரிழந்தனர். அதன் பிறகு, வியர்வையை வெளியேற்றும் ரப்பர் உடையும் நீராவிக் குளியலும் அங்கு கல்லூரி மல்யுத்தத்தில் தடை செய்யப்பட்டன. சிறுநீர்ப் பரிசோதனை, உடல் கொழுப்பின் அளவு ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொருவருக்கும் குறைந்தபட்ச எடை முன்கூட்டியே வரையறுக்கப்படுகிறது. அதற்கும் கீழான பிரிவில் களமிறங்க அனுமதியில்லை. பெரும் செலவு பிடிக்கும் ஏற்பாடல்ல இது.

தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் 2025-இல் நிறைவேற்றப்பட்டது. சம்மேளனங்களுக்கு அங்கீகாரம் அளிக்கும் அதிகாரத்தை அச்சட்டத்தின் வழியே பெறும் தேசிய விளையாட்டு வாரியம், இளையோர் மல்யுத்தத்தில் இத்தகைய விதியைக் கட்டாயமாக்க வேண்டும். மீறினால் தடை, பயிற்சியாளருக்கு.