இணைச்சீருக்கும் நான், கையெழுத்துக்கும் நான்

சமையல், கோலம், மாமியார் பிரச்னை என்று எல்லாவற்றையும் பற்றி எழுதுகிறோம். உயிலைப் பற்றி மட்டும் நம்மில் யாரும் வாய் திறப்பதில்லை. "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது?" என்று அடக்கிவிடுவார்கள். நல்ல நாள் இல்லாத நாளில் பேசலாம் என்றால் அன்றைக்குப் பேச வேண்டியவரே இருக்க மாட்டார். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆயிற்று.

எங்கள் பிறந்த வீடு அன்னூர் பக்கம். அப்பாரு காலத்துப் பூமி நாலு ஏக்கரா, ஒரு கிணறு. அக்காவுக்கு 1986-ல் கல்யாணம், எனக்கு 1991-ல். தம்பி கல்யாணத்தில் இணைச்சீர்க்காரி நான்தான். கொங்கு நாட்டுச் சகோதரிகளுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. கூடப் பிறந்தவள் இல்லாமல் மாப்பிள்ளைக்குச் சீர் நடக்காது. கூறைச்சேலைக் கூடையைச் சுமந்துகொண்டு நின்றபோது எனக்கு அவ்வளவு பெருமை.

2003-ல் அப்பா ஒரே நாளில் மாரடைப்பில் போய்விட்டார். உயில் கிடையாது. கருமாதி முடிந்த மறுவாரமே எங்களை ரிஜிஸ்தர் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். "பட்டா மாத்தோணும், ஒரு கையெழுத்துத்தான் கண்ணு" என்றார் பெரியப்பா. பத்திரம் எழுதுபவர் வேகமாகப் படித்தார். விடுதலைப் பத்திரம் என்ற வார்த்தை காதில் விழுந்தது, அர்த்தம் விழவில்லை. அம்மா, அக்கா, நான் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். வெளியே வந்து ஆளுக்கொரு இளநீர் குடித்துவிட்டு பஸ் ஏறினோம்.

என்ன விட்டுக்கொடுத்தோம் என்பதைப் பிற்பாடு என் மகள் கல்லூரியில் படிக்கும்போது சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதலே, அன்றைக்குக் கல்யாணம் ஆகாமல் இருந்த பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. அது எனக்குப் பொருந்தும். 1986-ல் மணமான அக்காவுக்குப் பொருந்தாது. ஆனால் அப்பாவின் பங்கு என்று இருப்பதில் அம்மா, அக்கா, நான், தம்பி நான்கு பேருக்கும் சரிசமம். எப்படிக் கணக்குப் போட்டாலும் எனக்கு நாலில் ஒரு பங்குக்குக் குறையாது. 2005 செப்டம்பர் 9-ல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் கல்யாணத் தேதி பார்க்கும் வேற்றுமையையும் எடுத்துவிட்டது. அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்கத் தேவையில்லை, மகளின் உரிமை பிறப்பிலேயே வருவது என்று 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டதைச் சட்டம் திருப்பித் தருவதில்லை. நாங்கள் போட்ட கையெழுத்து போட்டதுதான்.

தம்பி கெட்டவன் இல்லை. பொங்கலுக்குச் சேலை, தீபாவளிக்குப் பலகாரம் எல்லாம் தவறாமல் வரும். அம்மாவையும் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறான். ஆனால் போன மாதம் அம்மா போனில், "கண்ணு மருந்து தீர்ந்துபோச்சு, மருமவகிட்டக் கேக்கோணும், ரெண்டு நாளாக் கேக்காம இருக்கறேன்" என்றாள். நாலு ஏக்கராவில் பங்கு இருந்தவள், கண்ணில் விடும் சொட்டு மருந்துக்குத் தயங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்குப் பூமி போனது பெரிதாகத் தெரியவில்லை. இதுதான் தூங்கவிடவில்லை.

"அப்ப கோர்ட்டுக்குப் போயிருக்கலாமே" என்று கேட்கலாம். பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்ற பயம் நம் எல்லோருக்கும் உண்டு, எனக்கும்தான். கோர்ட்டுக்குப் போனால் எத்தனை வருஷம் என்பதற்கும் நம் தமிழ்நாட்டுக் கவுண்டர் குடும்ப வழக்கு ஒன்றே போதும். அருணாசலக் கவுண்டர் எதிர் பொன்னுசாமி என்ற வழக்கு அது. ஒருவர் 1938-ல் கோர்ட் ஏலத்தில் எடுத்த நிலம். 1949-ல் உயில் எழுதாமலே இறந்துவிட்டார். அவருக்கு ஒரே மகள். மகளுக்கா, சகோதரர் மகனுக்கா என்று 1991-ல் தொடுத்த வழக்கு. கீழ்க்கோர்ட்டும் ஹைகோர்ட்டும் தள்ளுபடி செய்தன. 2022 ஜனவரி 20-ல்தான், அந்தக் காலச் சட்டப்படியும் மகளுக்கே சொத்து என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. அந்த மகளோ 1967-லேயே இறந்து போனவர்! அந்த அப்பா ஒரு தாளில் நாலு வரி எழுதி வைத்திருந்தால் இத்தனையும் வேண்டாம்.

உயில் என்றாலே பெண்ணுக்கு நல்லது என்றும் நான் சொல்ல வரவில்லை. பெண்ணுக்குப் பங்கு உண்டு என்று சட்டம் வந்தபிறகு, "எல்லாம் மகனுக்கே" என்று அவசரமாக உயில் எழுதும் அப்பாக்களையும் பார்க்கிறேன். சுயமாகச் சம்பாதித்ததை யாருக்கும் எழுதலாம், தடுக்க முடியாது. பூர்வீகச் சொத்திலோ தன் பங்கை மட்டும்தான் உயிலில் எழுதலாம், மகளின் பங்கை எழுத அவருக்கு அதிகாரம் இல்லை. எழுதினால் செல்லாது என்பதை மகள்கள் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

நான் என் வீட்டுக்காரரிடம் பேச்சை ஆரம்பித்தேன். "ஏனுங்க, நாம ஒரு உயில் எழுதி வெச்சரலாமுங்க" என்றதும், "எனக்கென்ன இப்ப சாகற வயசா?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். மூன்று நாள் பேச்சில்லை. நாலாம் நாள் அவரே, "ஸ்டாம்ப் பேப்பர் வாங்கோணுமா?" என்று கேட்டார். வேண்டியதில்லை. வெள்ளைத் தாள் போதும், கையாலும் எழுதலாம். நாம் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும், அதுதான் முக்கியம். தகராறு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது கோர்ட்டுக்கு வந்து சொல்ல வேண்டியிருக்கும். அதனால் நம்மைவிட வயதில் சின்னவர்களாகப் பார்ப்பது நல்லது. எண்பது வயதுத் தாத்தாவைச் சாட்சி போட்டால் அவர் நமக்கு முன்னால் போய்விடுவார்! பதிவு செய்வது கட்டாயமில்லை, ஆனாலும் செய்துவிடுங்கள். நடக்க முடியாதவர்களுக்குப் பதிவு அதிகாரியே கட்டணம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார். மனசு மாறினால் எத்தனை முறையும் மாற்றி எழுதலாம், கடைசியாக எழுதியதுதான் செல்லும்.

புரோபேட் என்று கோர்ட்டுக்கு அலைய வேண்டுமோ என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். சென்னை மாதிரி நகரங்களில் அது வெகுகாலம் கட்டாயமாக இருந்தது, 2025 டிசம்பரில் அந்தச் சட்டப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். கோவையில் இங்கே உள்ள சொத்துக்கு இங்கே எழுதும் உயிலுக்கு முன்பும் கட்டாயமில்லை. தன் காலத்துக்குப் பிறகு தானாக நிர்வகிக்க முடியாத பிள்ளை இருக்கும் வீடுகளில் மட்டும் உயிலோடு டிரஸ்ட் ஒன்றும் தேவைப்படலாம், அதற்கு வக்கீலைப் பார்ப்பதே சரி. முஸ்லிம் சகோதரிகளுக்கு முறை வேறு, வாரிசுகள் சம்மதமில்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது.

இன்னொன்று, நாமும் எழுத வேண்டும். "எம்பட பேர்ல என்ன இருக்குது?" என்று கேட்காதீர்கள். நகை இருக்கும், பேங்கில் டெபாசிட் இருக்கும், வரியை மிச்சம் பிடிக்க வீட்டுக்காரர் நம் பெயரில் வாங்கிப் போட்ட சைட் இருக்கும். நாமினி போட்டாயிற்றே என்றால், நாமினி பணத்தை வாங்கிக் கொடுப்பவர்தான், சொந்தக்காரர் ஆகிவிடமாட்டார். குழந்தையும் கணவரும் இல்லாத இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவள் சம்பாதித்த சொத்து பெற்ற தாய்க்குப் போகாது, முதலில் கணவர் வழி வாரிசுகளுக்கே போகும். 2009-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்த வழக்கில், கல்யாணமான மூன்றே மாதத்தில் விதவையாகி, புகுந்த வீட்டில் விரட்டப்பட்டு, பிறந்த வீட்டில் இருந்து படித்து வேலைக்குப் போன ஒரு பெண்ணின் சேமிப்பு, விரட்டிய குடும்பத்துக்கே போனது. பெண்கள் உயில் எழுதி வையுங்கள் என்று 2025 நவம்பரில் அந்தக் கோர்ட்டே கேட்டுக்கொண்டது.

இப்போது எங்கள் வீட்டு உயில் பாதியில் நிற்கிறது. வடவள்ளி வீடு மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி என்பதில் இருவருக்கும் தகராறில்லை. நான் இருக்கும்வரை நான் குடியிருக்க உரிமை என்று ஒரு வரி கேட்டேன். "உன்னைய யாரு வெளிய போகச் சொல்லப் போறாங்க?" என்று வீட்டுக்காரருக்கு வருத்தம். என் அம்மாவையும் யாரும் வெளியே போகச் சொல்லவில்லைதான். அந்த வரியை எழுதியே தீர வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். என் பெயரில் எழுதும் உயிலில், அம்மா என்னைவிட அதிக நாள் இருந்தால் டெபாசிட் வட்டி மாதாமாதம் அவள் கைக்கே போக வேண்டும் என்று எழுதிவிட்டேன். சாட்சிக்கு அக்கா மகனை வரச் சொல்லியிருக்கிறேன், வருகிற புதன்கிழமை வருகிறான்.

— ஒரு வாசகி, கோவை