பிளஸ் 1-க்குப் பள்ளி மாற்றும் முன்...

பத்தாம் வகுப்பில் நம் பிள்ளை நல்ல மதிப்பெண் எடுத்தால், நாமக்கல், ராசிபுரம் பக்கத்துத் தனியார் விடுதிப் பள்ளிகளின் பேச்சு காலனிக்குள் வந்துவிடுகிறது. கட்டணச் சலுகை என்றதும் மனம் சாய்கிறது. கையெழுத்துப் போடும் முன் நாம் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும்.

அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் எனவும் விரிந்தது. கல்விக் கட்டணம், விடுதிச் செலவை அரசே ஏற்கிறது. ஆனால் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதே பொது விதி. ஆதிதிராவிடர் நலப் பள்ளியும் இதில் சேரும். கடைசி இரண்டு ஆண்டு தனியாரிடம் போனால் இந்த உரிமை போய்விடும். எஸ்.சி., அருந்ததியர் ஒதுக்கீடு இருக்கும். அங்கே தனியார் பள்ளிப் பிள்ளைகளோடும் மோத வேண்டும்.

உள்ளூர்ப் பள்ளியில் இயற்பியலுக்கு ஆசிரியர் இல்லையென்றால் பெற்றோரின் பயம் நியாயமே. அதற்குத் தனியார் மட்டுமே வழியல்ல. தங்கிப் படிக்கும் அரசு மாதிரிப் பள்ளி மாவட்டந்தோறும் உள்ளது. அங்கே படித்தால் ஒதுக்கீடும் நிலைக்கும். முதலில் அதற்கு முயல்வோம். அங்கே இடம் சிலருக்கே. மற்ற பிள்ளைகளுக்காக, ஆசிரியர் காலியிடத்தை நிரப்பக் கோரி பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடுவோம்.