பெர்மிட் கையில் இருந்தாலும் குடியுரிமை தள்ளிப்போகும்!

அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று அமெரிக்க கிரீன் கார்டோடு ஊருக்கு வந்து தங்குபவர்கள் உண்டு. ‘அதான் ரீ-என்ட்ரி பெர்மிட் வாங்கியாச்சே’ என்ற தைரியம் வேறு. சிக்கலே அங்கேதான். அந்த பெர்மிட் கிரீன் கார்டைக் காப்பாற்றத்தான் உதவும். குடியுரிமைக்குக் கணக்கு வேறு.

பொதுவாக 5 ஆண்டுகள் தொடர்ந்து அங்கே வசித்திருக்க வேண்டும். அதில் 30 மாதங்களாவது நேரில் இருந்திருக்க வேண்டும். ஒரே பயணம் 6 மாதத்தைத் தாண்டினால், தொடர்ச்சி அறுந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். வேலையை விடவில்லை, வீட்டைக் காலி செய்யவில்லை, குடும்பம் அங்கேதான் இருக்கிறது என்று ஆதாரம் காட்டி மீளலாம். ஒரு வருஷம் ஆகிவிட்டால் அந்த வாய்ப்பும் போச்சு.

அமெரிக்க நிறுவனமே வெளிநாட்டு வேலைக்கு அனுப்பினால், சில நிபந்தனைகளோடு ‘என்-470’ படிவம் கைகொடுக்கும். படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவைப் பார்க்க வந்தால்? அதற்கு அந்தப் படிவத்தில் இடமில்லை. அதற்காக வேலையையே விட்டுவிட்டு வந்த மகளுக்கு, ஆதாரம் காட்டுவதும் கஷ்டம். கம்பெனி வேலைக்கு ஒரு நியாயம், பெற்றவளுக்கு ஒரு நியாயமா? சட்டம் திருத்தப்பட வேண்டிய இடம் இது.

அதுவரை, 6 மாதம் முடிவதற்குள் திரும்பிவிடுவதுதான் பாதுகாப்பு. அப்போதும் 30 மாதக் கணக்கு விடாது.