பழைய கணினியைப் பரணில் ஏற்றும் முன்



மறைந்த வாப்பா பேசிய ஒலிநாடாக்கள் பல இல்லங்களில் இன்னும் பத்திரமாக உள்ளன. அப்பேச்சைக் கணினியில் ஏற்றி, எழுத்து வடிவில் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்க விழைகிறோம். அதற்கான மென்பொருளை இயக்கியதும், ‘நினைவகம் போதவில்லை’ என்ற பொருளில் ஆங்கிலச் செய்தியொன்று தோன்றும். அல்லது எதுவும் கூறாமலே மென்பொருள் நின்றுவிடும். உடனே, ‘கணினி பழுது, புதிது வாங்கவேண்டும்’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் பழுது கணினியில் இல்லை.

2022 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட ‘விஸ்பர்’ மென்பொருளை எடுத்துக்கொள்வோம். தமிழும் அறிந்த அது இலவசமாகக் கிடைக்கிறது. ஒருமுறை இறக்கிக்கொண்டால், இணையமின்றி வீட்டுக் கணினியிலேயே இயங்கும். குடும்பப் பேச்சு வெளியார் கைக்குச் செல்லாது. அதன் மொழியறிவு முழுவதும் ‘மாடல்’ எனப்படும் கோப்பில் எண்களாக அடங்கியுள்ளது. ‘டைனி’யில் 3 கோடியே 90 லட்சம் எண்கள், ‘ஸ்மால்’ மாடலில் 24 கோடியே 40 லட்சம், ‘மீடிய’த்தில் 76 கோடியே 90 லட்சம், ‘லார்ஜ்’ மாடலில் 155 கோடி. எண் ஒன்றுக்கு 4 பைட் எனக் கொண்டால், மீடியம் மட்டுமே சுமார் 3 ஜிபி நினைவகத்தை நிரப்பிவிடும். 4 ஜிபி கணினியில், விண்டோஸ் எடுத்துக்கொண்டது போக எஞ்சுவது எவ்வளவு? படி கொள்ளும் பாத்திரத்தில் மரக்கால் அரிசியைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைக் குறை கூறலாமா?

வன்தட்டிலுள்ள படங்களை அழிப்பதால் இக்குறை பொதுவாகத் தீராது. வன்தட்டு வேறு, ‘ராம்’ எனும் நினைவகம் வேறு. மற்ற மென்பொருள்களை மூடிவிட்டு, முதலில் ஒரு நிமிடப் பேச்சை மட்டும் கொடுத்துப் பாருங்கள். அதற்கே நின்றுவிட்டால் மாடல் பெரிது என்று பொருள்; அடுத்த சிறிய மாடலுக்கு இறங்குங்கள். ஒரு நிமிடப் பேச்சு நிறைவேறி, ஒரு மணி நேரப் பதிவு மட்டும் தடைப்பட்டால் பதிவின் நீளமே காரணம். விஸ்பர் 30 வினாடிகளாகப் பிரித்தே கேட்கிறது எனினும், பதிவு முழுவதையும் முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றிக்கொள்கிறது. ஒரு மணி நேர ஒலிக்கு மட்டுமே சுமார் 230 எம்பி தேவை. பத்து நிமிடத் துண்டுகளாகப் பிரித்துக் கொடுங்கள்.

செய்தியில் சி, யு, டி, ஏ என்னும் நான்கு எழுத்துகள் இருப்பின், நிறைந்துவிட்டது கிராபிக்ஸ் அட்டையின் தனி நினைவகம். பிரதானச் செயலியிலேயே இயங்குமாறு பணியுங்கள். நேரம் கூடும், ஆனால் வேலை முடியும்.

இவற்றாலும் தீராவிடில், ஜார்ஜி கெர்கனோவ் எழுதிய ‘விஸ்பர் சிபிபி’ இருக்கிறது. அதே மாடல்களைச் சிக்கனமாக இயக்குவது அது. ஸ்மால் மாடலுக்குச் சுமார் 850 எம்பி போதும். எண்களைச் சுருக்கிவைத்த கோப்புகள் இன்னும் குறைவாகவே கேட்கும்.

ஒன்றை மறைப்பதற்கில்லை. மாடல் சிறுக்கச் சிறுக்கத் தமிழில் பிழைகள் பெருகும். ஆகவே, கணினி தாங்கும் அளவில் பெரிய மாடலையே தேர்ந்து, இரவில் ஓடவிட்டுவிடுங்கள். காலையில் உம்மாவை அருகில் அமர்த்தித் திருத்துங்கள். வாப்பா உச்சரித்த ஊர்ப்பெயர்களும், செல்லமாக அழைத்த பெயர்களும் எந்த மாடலுக்கும் தெரியாது, உம்மாவுக்குத் தெரியும். நாடா தேய்வதற்குள், நினைவு மங்குவதற்குள் அமருங்கள். அதற்குப் பழைய கணினியே போதும்.