கையெழுத்துக்கு முன் சுவரைத் தட்டிப் பாருங்கள்!

மாட்டுச் சந்தைக்குப் போகும் எந்த விவசாயத் தொழிலாளியும் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் அச்சாரம் கொடுப்பதில்லை. சுழி பார்க்கிறான், நாலு தப்படி நடக்கவிட்டுப் பார்க்கிறான், பால் மாடென்றால் கறந்து பார்க்கிறான். பஞ்சாலை வாசலுக்கு வரும் பொதியை இழையின் நீளமும் ஈரமும் சோதிக்காமல் எந்த முதலாளியும் ஏற்றுக்கொள்வதில்லை. ஆனால், முப்பது வருஷம் மிஷினோடு மல்லுக்கட்டிச் சேர்த்த பி.எப். பணத்தையும், கிராஜுவிட்டியையும், மனைவியின் கழுத்து நகையையும் கொட்டி வீடு வாங்கப் போகும் தொழிலாளி, புதுப் பெயிண்டின் பளபளப்பைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறான். வீட்டின் சுயரூபம் முதல் ஐப்பசி மழையில்தான் தெரிகிறது. அப்பொழுது விற்றவன் போனை எடுப்பதில்லை.

இதைத் தொழிலாளியின் அசட்டுத்தனம் என்று சிலர் சிரிக்கிறார்கள். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். வருஷந்தோறும் ஏறும் வாடகையும், “காலி செய்” என்ற மிரட்டலும் சொந்தக் கூரைக்காக அவனை ஏங்க வைத்திருக்கின்றன. வீட்டு வியாபாரிக்கு இந்த அவசரம் நன்றாகத் தெரியும். “நாளைக்கு வேறு பார்ட்டி வருகிறது, இன்றைக்கே முடித்துவிடு” என்று அவன் விரட்டுவது, நாம் நின்று நிதானமாகப் பார்த்துவிடக் கூடாதே என்பதற்காகத்தான்.

சட்டம் யார் பக்கம்? 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவைப் படித்தால் விஷயம் விளங்கும். சொத்திலுள்ள முக்கியமான குறையை, அது தனக்குத் தெரிந்திருந்தால், விற்பவன் வாங்குபவனிடம் சொல்லியாக வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. ஆனால் அதே மூச்சில், வாங்குபவன் சாதாரண கவனத்தோடு பார்த்தாலே கண்டுபிடிக்க முடியாத குறைக்குத்தான் இந்தக் கடமை என்றும் சொல்லிவிடுகிறது. அதாவது, கண்ணுக்குத் தெரிகிற விரிசலை நீ பார்க்காமல் விட்டால் அது உன் பாடு! வெள்ளைக்காரன் போட்ட அந்த விதி இன்றும் நம் தலைமேல் நிற்கிறது.

சர்க்கார் பார்த்துக்கொள்ளாதா என்று தோழர்கள் கேட்கலாம். கிரயம் பதிவு செய்ய நூறு ரூபாய்க்கு 7 ரூபாய் முத்திரைத் தீர்வை, 2 ரூபாய் பதிவுக் கட்டணம் என்று சர்க்கார் வாங்கிக்கொள்கிறது. பெண்கள் பெயரில் 10 லட்சம் ரூபாய் வரையுள்ள கிரயத்துக்கு 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 ரூபாய் குறைவு. 10 லட்ச ரூபாய் வீடென்றால் பொதுவாக 90 ஆயிரம் ரூபாய் கஜானாவுக்குப் போகிறது. கட்டிடத்தைப் பார்க்கப் பதிவுத் துறையிலிருந்து ஆள் வருவதும் உண்டு. ஆனால் அவர் வருவது, மதிப்பைக் குறைத்துக் காட்டித் தீர்வையை ஏய்க்கிறார்களா என்று பார்க்க. பாங்கி அனுப்பும் என்ஜினீயர் பார்ப்பது, கொடுக்கும் கடனுக்கு ஈடு இருக்கிறதா என்று. இந்தச் சுவர் பத்து வருஷம் நிற்குமா, இதற்குள் குழந்தைகள் தூங்கலாமா என்று பார்க்க ஒருவரும் வருவதில்லை.

2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டத்தில் நல்ல ஷரத்துகள் இருக்கின்றன. எழுதிப் பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்தில் ஒரு பங்குக்குமேல் முன்பணம் வாங்கக் கூடாது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், சொன்ன 30 நாளுக்குள் கட்டியவனே தன் செலவில் சரிசெய்ய வேண்டும், தவறினால் நஷ்டஈடு. ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனையில் கட்டினாலோ, 8 வீடுகளுக்கு மேற்படாமல் கட்டினாலோ அந்தச் சட்டத்தின்கீழ் பதிவு தேவையில்லை. தொழிலாளி வாங்குவதெல்லாம் ஒன்றரை சென்டில் சின்னக் கட்டிடக்காரன் கட்டி விற்கும் வீடுதான். 2024 ஜூலையிலிருந்து சிறு வீடுகளுக்குச் சுயசான்றின் பேரில் உடனடி அனுமதி. கட்டி முடித்தபின் நிறைவுச் சான்றும் தேவையில்லை. தானே கட்டிக் குடியிருப்பவனுக்கு இது உதவிதான். கட்டி விற்றுவிட்டுப் போகிறவனுக்கோ கேள்வி கேட்பாரற்ற திறந்த வாசல்.

அனுமதிக் காகிதம் இருந்தால் போதும் என்று இருந்துவிடவும் முடியாது. 2014 ஜூன் 28-ல் சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். அதற்கும் திட்ட அனுமதி இருந்தது. செத்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக வந்த கட்டிடத் தொழிலாளிகள். 2021-ல் சென்னை புளியந்தோப்பில் சர்க்காரே கட்டிக்கொடுத்த குடியிருப்பில், கையால் சுரண்டினாலே பூச்சு உதிர்வதை ஜனங்கள் எடுத்துக் காட்டிய பிறகுதான் நிபுணர்கள் சோதிக்க வந்தார்கள். அதே வருஷம் டிசம்பர் 27-ல் திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட கட்டிடம் இடிந்து விழுந்தது. அங்கே ஓர் உயிர்கூடப் போகவில்லை. காரணம், குடியிருந்தவர்கள் விரிசலைக் கண்டு, ஒருவருக்கொருவர் சொல்லி, முன்கூட்டியே வெளியேறிவிட்டார்கள். அவர்களைக் காப்பாற்றியது அவர்களுடைய கண்தான்.

ஆகவே கையெழுத்துக்கு முன்னால் பாருங்கள். தனியாகப் போகாதீர்கள். கட்டிடத் தொழிலாளர் சங்கத்துக் கொத்தனார் ஒருவரை அழைத்துப் போங்கள். சுவரின் மர்மம் அவருக்குத் தெரியும். வீட்டுப் பெண்களை அழைத்துப் போங்கள். தண்ணீர் தூக்கப் போவதும், அடுப்புப் புகையில் நிற்கப் போவதும் பெரும்பாலும் அவர்கள்தான். முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள். சாவியால் பூச்சைச் சுரண்டுங்கள்; மாவாக உதிர்ந்தால் சிமெண்டைக் குறைத்திருக்கிறான், அல்லது தண்ணீர் ஊற்றிப் பதப்படுத்தவில்லை. தட்டினால் பொள்ளலாகச் சத்தம் கேட்டால் பூச்சு சுவரைப் பிடிக்கவில்லை. தலைமுடிபோல் மெல்லிய கீறல் பெரிய ஆபத்தில்லை. கதவு, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, வெளிப்புறத்திலும் தெரிகிற விரிசலென்றால் அஸ்திவாரம் இறங்கியிருக்கக் கூடும். தூக்குக் குண்டு விட்டுப் பாருங்கள். கூரையின் அடியில் துருக்கறை இருக்கிறதா, சுவரின் அடியில் ஓதம் ஏறியிருக்கிறதா, ஓரிடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறதா என்று கவனியுங்கள். மொட்டை மாடியிலும் குளியலறையிலும் நாலு குடம் தண்ணீர் ஊற்றி வாட்டம் சரியா என்று பாருங்கள். போர் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள். செப்டிக் டேங்க் அதற்குப் பக்கத்திலா என்று கேளுங்கள். மனையை நாலு பக்கமும் அளந்து பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். பக்கத்து வீட்டாரிடம் பேசுங்கள். வெள்ளம் வருமா வராதா என்பதைத் தரகன் சொல்லமாட்டான், அவர்கள் சொல்வார்கள்.

மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா இவற்றைப் பார்ப்பதோடு இதுவும் சேர்ந்தால்தான் பார்த்ததாக அர்த்தம். கண்ட குறைகளை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். சரிசெய்து முடிக்கும்வரை கடைசிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். பணம் நம் கையில் இருக்கும்வரைதான் நம் பேச்சுக்கு மதிப்பு.

“நாங்கள் எங்கே வீடு வாங்கப்போகிறோம்?” என்று கிராமத்துத் தோழர்கள் ஒதுங்கிவிட வேண்டாம். சர்க்கார் வீட்டுத் திட்டங்களில் பணம் கட்டக் கட்டத் தவணையாகத்தான் வருகிறது. வேலையைக் கான்டிராக்டரிடம் விட்டவர்கள், ஒவ்வொரு தவணையையும் அவனிடம் கொடுக்கும் முன்னால் இதே சோதனையைச் செய்யலாம், செய்ய வேண்டும்.

ஆனால் ஒவ்வொரு தொழிலாளியும் தானே கொத்தனாராகவும் வக்கீலாகவும் ஆகவேண்டும் என்பது நியாயமான ஏற்பாடல்ல. விற்பனைக்கென்று கட்டப்படும் எந்த வீட்டையும், அது ஒற்றை வீடானாலும், சர்க்கார் என்ஜினீயர் சோதித்துச் சான்று தந்த பிறகே கிரயம் பதிய வேண்டும். நூற்றுக்கு 9 ரூபாய் வாங்குகிற சர்க்கார் இதைத் தனிக் கட்டணமின்றிச் செய்யவேண்டும். 5 வருஷப் பொறுப்பு சின்ன வீடு விற்பவனையும் கட்டுப்படுத்த வேண்டும். இவை நமது கோரிக்கைகள்.

அது வரும்வரை சங்கங்கள் சும்மா இருக்கலாமா? ஒவ்வொரு ஆலைச் சங்கமும், ஒவ்வொரு விவசாயத் தொழிலாளர் கிளையும், கட்டிடத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து வீடு பார்க்கும் குழு ஒன்றை அமைக்கலாம். வீடு வாங்கும் தோழனோடு அந்தக் குழு ஒரு நாள் போய்வந்தால் போதும். வீட்டைக் கட்டியவனும் தொழிலாளி. அதில் குடியேறப் போகிறவனும் தொழிலாளி. இடையில் நிற்பவன் இருவரையும் ஏய்க்காமலிருக்க, இந்த இருவரும் சேர்ந்து போய்ச் சுவரைத் தட்டிப் பார்க்கட்டும்!